அந்தப் புகைப்படத்தை எடுத்தவள் நான்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த அந்தமான் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரைகளையும் பவளப்பாறைகளையும் பற்றி நன்றாகவே எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையில், அங்கே பணியிலிருக்கும் படைவீரர்களின் மனைவிமார் ஆண்டு முழுவதும் விடுமுறையில் இருப்பவர்கள் என்ற பொருள்பட ஒரு வரியும் போகிற போக்கில் இடம்பெற்றிருந்தது. எழுதியவர் கேலியாக எழுதவில்லை, சற்றுப் பொறாமை கலந்த பாராட்டாகவே எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வரியை வேறு பல வாய்களிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை நானே சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் ராயபுரத்தில் வசிக்கிறேன். தபால் துறையில் 34 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மகன் கடற்படையில் மாலுமி. மருமகளுக்கு 27 வயது. கணிதத்தில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, வடசென்னையில் ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தியவள். திருமணமான எட்டாம் மாதம் மகனுக்கு அந்தமான் போஸ்டிங் வந்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு அவளும் போனாள். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் இன்னும் பிளேர் என்றேதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கடந்த தை மாதம் எங்கள் உறவில் ஒரு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்து, கலவைச் சாதத் தட்டுகளோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கைப்பேசி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. அதில் என் மருமகள் பகிர்ந்திருந்த ஒரு படம். வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் இடிந்த சுவரொன்றின் மேல் நான்கு இளம்பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நால்வரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். காலடியில் ஒரு புள்ளிமான். பின்னால் மரங்களுக்கு இடையே ஒரு கீற்று நீலக் கடல். “கொடுத்து வைத்தவள், புருஷன் கப்பலில், இவள் கரையில் கொண்டாட்டம்” என்றார் ஒருவர். இன்னொருவர், இன்னும் விசேஷம் எதுவும் இல்லையா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கிருந்து வரும் என்று தாமே பதிலையும் சொல்லிக்கொண்டார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இடப்பக்கக் கீழ் மூலையில் மங்கலாக ஒரு கறை இருக்கும். அது என் விரல். அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

மண்டபத்தில் நான் வாய் திறக்கவில்லை. புளியோதரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவது எனக்கு வராது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அவள் அங்கே போன முதல் ஆண்டில் மாதத்துக்கு இரண்டு மூன்று படங்கள் வரும். கார்பின்ஸ் கோவ் கடற்கரை, சிடியாத்தாப்பில் சூரியன் மறையும் காட்சி, செல்லுலார் சிறையின் முற்றம், ஒருமுறை ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் தீவு. ஒவ்வொன்றிலும் சிரித்த முகம். ஒரு நாள் இரவு நானே அவளை அழைத்து, அவன் கடலில் கிடந்து தவிக்கும்போது நீ கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. “சரிங்க அத்தை” என்று மட்டும் சொன்னாள். அதன்பின் ஏழெட்டு வாரங்கள் படமே வரவில்லை. என் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று எனக்கு உள்ளூரத் திருப்திதான். அந்த ஏழெட்டு வாரங்களில் அவள் என்னவெல்லாம் பட்டாள் என்பதைப் பிறகு மகன் சொல்லித்தான் அறிந்தேன்; அதை இங்கே எழுத அவள் விரும்ப மாட்டாள்.

தீபாவளி முடிந்த கையோடு, தனியாகவே, நான் அங்கே போனேன். விமானத்தில் போயிருந்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கியிருக்கலாம். கப்பலில் போனதற்குச் சுமை ஒரு காரணம்: புழுங்கலரிசி, வடகம், அப்பளம், குழம்புத்தூள், எங்கள் தெரு மிஷினில் அரைத்த இட்லிமாவு ஒரு தூக்கு (அது இரண்டாம் நாளே பொங்கி வழிந்து, அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பு முழுவதும் புளித்த வாடை). இன்னொரு காரணம், என் மகன் எதன்மேல் பிழைக்கிறானோ அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், மூன்று இரவுகள். கரை மறைந்த பிறகு கைப்பேசி வெறும் கடிகாரம். ராயபுரத்திலேயே பிறந்து, காசிமேட்டுக் காற்றை மூச்சாக இழுத்து வளர்ந்த எனக்கு, கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது இரண்டாம் நாள் மாலை தெரிந்தது.

பிளேரில் என்னை முதலில் திகைக்க வைத்தது இருட்டுதான். நம் நாடு முழுவதும் ஒரே கடிகாரம். ஆனால் அந்தத் தீவு நமக்கு வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே வந்து, அவ்வாறே முன்னதாகப் போய்விடுகிறது. கார்த்திகையில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்கு வைக்க வேண்டும். ஐந்து மணிக்கு இருட்டி, பத்து மணிக்குத் தூங்குவதென்றால் நடுவில் ஐந்து மணி நேரம். கணவன் கரையில் இருந்தால் அது ஒரு மாலைப்பொழுது. இல்லாவிட்டால், இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உள்ள அந்தக் குவார்ட்டர்ஸில், மழை ஓசையைத் தவிர வேறு துணையில்லாமல், ஒரு பெண் ஒவ்வொரு நாளும் கடந்தாக வேண்டிய நேரம் அது. மழை என்றால் நம் ஊர் மழை இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் அங்கே ஏறக்குறைய 3,000. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈரம் விடாது. அலமாரியில் இருக்கும் என் மகனுடைய தோல் பெல்ட்டில் வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பூசணம் பூத்துவிடும். அவள் வாரத்துக்கு ஒருமுறை துடைத்து வைப்பாள். இத்தனை மழை பெய்தும் சித்திரையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமாம், டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்க வேண்டுமாம். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் கடையில் வெங்காயமும் தக்காளியும் விலையேறும், சில நாள் காணாமலே போகும்.

நான் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் மகன் செயிலிங் போய்விட்டான். எங்கே, எத்தனை நாள் என்று இங்கே எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான், எழுதவும் கூடாது. சொன்ன நாளில் வரவில்லை என்பதை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். சொன்ன நாளன்று அவள் மீன் வாங்கிச் சுத்தம் செய்து மசாலா தடவி வைத்திருந்தாள். மாலையில் ஒரு செய்தி வந்தது. அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு மீனை உறைபெட்டிக்குள் வைத்துவிட்டு, “நமக்கு ரசம் போதும் இல்லையா அத்தை” என்றாள். இரண்டு நாள் கழித்து அதே மீனை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

அவர்கள் குடியிருப்பில் கணவன்மார் கடலுக்குப் போயிருக்கும் வீட்டுப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் விதித்ததில்லை, இவர்களாகவே வைத்துக்கொண்டது. இருட்டியதும் பால்கனி விளக்கைப் போட வேண்டும். போடாத வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டுக்காரி போய்த் தட்டுவாள். ஒரு சனிக்கிழமை மாலை எதிர்க்கட்டடத்து மாடியில் ஒரு விளக்கு எரியவில்லை. ஹரியானாவிலிருந்து வந்து நான்கு மாதமே ஆகியிருந்த, இருபத்திரண்டு வயதுப் பெண் அவள். அங்கே வருவதற்கு முன் கடலையே பார்த்ததில்லை. மருமகளும், ஸ்ரீகாகுளத்துப் பெண் ஒருத்தியும், கொல்லத்துக்காரி ஒருத்தியும் போய்த் தட்டினார்கள். நானும் பின்னால் போனேன். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். உள்ளே சமையலறை அடுப்பு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இரண்டு நாளாக அதைப் பற்றவே வைக்கவில்லை என்பது எந்தப் பெண்ணுக்கும் பார்த்தவுடன் புரியும். ஊரில் மாமியாரிடம் அழுதால் புருஷனுக்குத் தெரிந்துவிடும், அம்மாவிடம் அழுதால் திரும்பி வந்துவிடச் சொல்வார்கள், அதனால் யாரிடமும் பேசவில்லை என்றாள். அவள் பேசிய இந்தி எனக்குப் பாதிதான் புரிந்தது. கொல்லத்துக்காரி ஏதோ சொல்லி அவளைக் குளிக்க அனுப்பிவிட்டு, எங்களைப் பார்த்து, நாளைக்கு ராஸுக்குப் போகிறோம் என்றாள். யாரும் மறுபேச்சு பேசவில்லை.

ராஸ் தீவுக்கு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். அபர்டீன் ஜெட்டியிலிருந்து படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. 1858 முதல் 1941 வரை ஆங்கிலேயர் அந்தமானை ஆண்டது அந்தச் சின்னஞ்சிறு திட்டிலிருந்துதான். 1979 முதல் அது நம் கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், நடன மண்டபம், அதிகாரிகளின் வீடுகள் எல்லாம் கூரை போய்ச் சுவர்களாக நிற்கின்றன. அந்தச் சுவர்களை ஆல், அத்தி இன மரங்களின் வேர்கள் கைவிரல்கள்போல் இறுகப் பிடித்திருக்கின்றன. அந்த வீடுகளிலும் சீருடைக்காரர்களின் இளம் மனைவியர் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதிய கடிதம் கல்கத்தா போய்ச் சேர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று, தபால்காரியின் புத்தி, எனக்கு அங்கே போயும் அதுதான் தோன்றியது.

படகில் ஹரியானாப் பெண் என் கையைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை. புதுமணப்பெண்கள் அணியும் சிவப்பு வளையல்கள் அவள் கையில் முழங்கைவரை இருந்தன; அவற்றின் விளிம்பு என் மணிக்கட்டில் பதிந்து வெகுநேரம் தெரிந்தது. தீவில் இறங்கியும் அவள் பேசவில்லை. சுவரின்மேல் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஆட்களைப் பார்த்து மிரளாத மான்கள் அங்கே நிறைய. அவற்றில் ஒன்று சத்தமில்லாமல் வந்து, அவளுடைய துப்பட்டாவின் நுனியை வாயில் வாங்கி, வெற்றிலை மெல்லுகிற பாட்டிபோல மெல்லத் தொடங்கிவிட்டது. அவள் திடுக்கிட்டு இழுத்தாள், மான் விடவில்லை. அவள் இந்தியில் மானைத் திட்டினாள். நான்கு நாளில் அவள் உரக்கப் பேசிய முதல் சொல் அதுதான் என்றாள் ஸ்ரீகாகுளத்துப் பெண். பிறகு ஒருத்தி சிரிக்க, அடுத்தவள் சிரிக்க, கடைசியில் அந்தப் பெண்ணும் கண்ணீரோடு சிரித்தாள். மருமகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, எடுங்கள் அத்தை என்றாள். எடுத்தேன், விரலையும் சேர்த்து. அதன்பின் நான் கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை அந்தப் பெண் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

வளைகாப்பில் கைமாறிய கொண்டாட்டம் இதுதான், ஐயா.

சரி, இதையெல்லாம் அவள் எழுதியிருக்கலாமே, சிரித்த படத்தை மட்டும் ஏன் போடுகிறாள் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. கணவன் எந்தக் கப்பலில் இருக்கிறான், எப்போது கிளம்பினான், எப்போது வருவான் என்பதை எழுதக்கூடாது. சீருடையோடு படம் போடக்கூடாது. குடியிருப்பின் வாசலைப் படம் எடுக்கக்கூடாது. ஜெட்டியில் நின்று கையசைத்ததைச் சொல்லக்கூடாது. அவன் இன்னும் வரவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினால்கூட அதில் ஒரு தகவல் இருக்கிறது. இவை எல்லாம் தேவையான கட்டுப்பாடுகள். அவற்றை அவள் குறை கூறவில்லை, நானும் கூறவில்லை. முப்படைகளையும் ஒரே தலைமையின்கீழ் கொண்டுவந்து 2001-இல் அமைக்கப்பட்ட கட்டளையகம் இருக்கும் இடம் அது. வாய் காக்கத்தான் வேண்டும். ஆனால் இத்தனையையும் கழித்துவிட்டால், ஊரில் இருப்பவர்களுக்குக் காட்ட அவளிடம் மிஞ்சுவது என்ன? ஒரு கடற்கரை, ஒரு மான், ஒரு சூரிய அஸ்தமனம். நான் உயிரோடு இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்பதை அவள் அந்த மூன்றை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். நாமோ அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, அவளுக்கு வேறு வேலையே இல்லை என்கிறோம்.

அஞ்சலகத்தில் இருந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என் கவுண்டரில் “56 ஏ.பி.ஓ.” என்று, அதாவது படை அஞ்சலகத்தின் பெயரில், முகவரி எழுதிய உறைகளை எத்தனையோ பெண்கள் நீட்டியிருக்கிறார்கள். ஊர் பெயர் இருக்காது, மாநிலம் இருக்காது. பெயரும் எண்ணும் பிரிவும் மட்டும்தான். கணவன் எந்த மலையில் நிற்கிறான் என்று முகவரி சொல்லாது. அந்த உறைகளுக்கு முத்திரை குத்திய கைதான், ஒரு இரவில் கைப்பேசியை எடுத்து மருமகளைக் கண்டித்தது.

அவளுடைய சொந்த வாழ்க்கையைப் பற்றியும் இரண்டு வார்த்தை எழுத வேண்டும். ஏனென்றால் அவளை யாராவது விசாரித்தால் கணவனைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் மட்டுமே விசாரிக்கிறார்கள். பிளேரின் மேடு பள்ளச் சாலைகளில் அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இந்தி கற்றுக்கொண்டாள். நீச்சல் கற்றுக்கொண்டாள். நீச்சல் உடையில் அவளை முதன்முறை பார்த்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன் என்பதையும், அடுத்த வாரம் குளத்தின் படியில் உட்கார்ந்து அவள் எத்தனை சுற்று நீந்துகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். வெற்றிமலை முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் போகிறாள். அபர்டீன் பஜாரில் தமிழ் பேசாமல் ஒரு நாளும் நான் கடை ஏறி இறங்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். தமிழர்கள் அங்கே நேற்று வந்தவர்கள் இல்லை. ராசேந்திர சோழனின் கல்வெட்டு மாநக்கவாரம் என்று சொல்வது நிக்கோபாரைத்தான். கடல் வழியாகப் போகும் கணவனோடு மனைவி போகும் வழக்கம் இல்லை என்று நம் பழைய இலக்கணத்தில் ஒரு விதி உண்டு என்று என் தமிழாசிரியர் சொல்வார். போகாத பெண்களுக்கு நெய்தல் என்று ஒரு நிலத்தையும், இரங்கல் என்று ஒரு பாடுபொருளையும் ஒதுக்கிக் கொடுத்தோம். இன்று போகிறவளுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். “ஊர் சுற்றுகிறாள்” என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

வேலை விஷயம்தான் அவளுக்கு உள்ளபடியே வலி. அங்கே போனபின் ஓரிரு பள்ளிகளில் கேட்டிருக்கிறாள். இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவீர்களே என்பார்கள். இணையவழி வகுப்பு நடத்தும் நிறுவனம் ஒன்றில் நேர்காணல். கணிதத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல், கணவருக்கு அடுத்த போஸ்டிங் எங்கே என்று கேட்டார்களாம். அது கணவருக்கே தெரியாதே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். கடைசியில் அவளாகவே வழி தேடிக்கொண்டாள். சென்னையிலிருந்து பிளேருக்கும் அங்கிருந்து மற்ற தீவுகளுக்குமாகக் கடலடியில் மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இணையத்துக்கான கண்ணாடி இழை வடம் போட்டிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட்டில் அது செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் அங்கே செயற்கைக்கோள் இணைப்புதான், ஒரு படம் திறக்கவே காத்திருக்க வேண்டும் என்கிறார்கள் பழையவர்கள். இப்போது அந்த வடத்தின் ஒரு முனையில் என் மருமகள். மறுமுனையில், அவள் பாடம் நடத்திய அதே வடசென்னையின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர். மாலை ஐந்தே கால் மணிக்கு வகுப்பு. இங்கே பிள்ளைகளின் சன்னலில் வெயில் இருக்கும். அவளுடைய சன்னலில் இருட்டத் தொடங்கியிருக்கும். “மிஸ், உங்க ஊர்ல இப்பவே ராத்திரியா?” என்று முதல் நாள் ஒரு பையன் கேட்டதை வைத்தே அவள் தீர்க்கரேகைக் கணக்கை நடத்திவிட்டாளாம். பன்னிரண்டரை பாகை வித்தியாசம், பாகைக்கு நான்கு நிமிடம், பெருக்கிப் பார் என்று. அந்த ஐந்து மணி நேர இருட்டில் ஒன்றரை மணி நேரம் இப்படிக் குறைந்தது.

அச்சத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேட்டிலும் மெரினாவிலும் என்ன நடந்தது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு நிலநடுக்கத்துக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்த அலை, கார் நிக்கோபாருக்குச் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. அங்கிருந்த விமானப்படைத் தளத்தில் வீரர்களும் அவர்களின் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கணவனின் போஸ்டிங்குக்காகப் பெட்டி கட்டிக்கொண்டு போய், தீவில் குவார்ட்டர்ஸ் வாங்கி, திரைச்சீலை தைத்து மாட்டிய பெண்கள் அவர்களுள் இருந்தார்கள். மருமகளின் வீட்டில் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு தோள்பை எப்போதும் தொங்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ சுற்றக் கிளம்பப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். திறந்து காட்டினாள்: சான்றிதழ்களின் நகல், டார்ச், பிஸ்கட், மருந்து, ஒரு விசில், திருமணப் படம் ஒன்று. அங்கே நில அதிர்வு அடிக்கடி வரும். நான் இருந்தபோதும் ஒரு இரவு மின்விசிறி தானாக ஆடியது, கட்டில் லேசாகக் குலுங்கியது. நான் எழுந்து உட்காருவதற்குள் அவள் பையைத் தோளில் மாட்டி, என் செருப்பைக் கையில் எடுத்து, கதவைத் திறந்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போய்க் கீழே கால் மணி நேரம் நின்றோம். எல்லாப் பெண்களும் தோளில் பையோடு நின்றார்கள். மேலே வந்ததும் அவள் தூங்கிவிட்டாள், நான் தூங்கவில்லை.

அடுத்த நாள் காலை அவர்கள் சிடியாத்தாப்புக்குப் போனார்கள். முன்னிரவு அப்படி ஆனபிறகு வெளியே போக வேண்டுமா என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, நானும் வருகிறேன் என்றேன்.

தங்களிடம் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுலாப் பக்கத்தில் அந்தமானைப் பற்றி எழுதுங்கள். நம் ஊர் மக்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே சம்பளத்துக்கும் சத்தியத்துக்கும் கட்டுப்பட்டு வாழும் குடும்பங்களைப் பற்றி ஒரு வரி எழுதுவதாக இருந்தால், அவர்களில் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். தாம்பரத்திலும் ஆவடியிலும் பரங்கிமலையிலும் அப்படி வாழ்ந்து திரும்பிய பெண்கள் இருக்கிறார்கள். தங்கள் செய்தியாளருக்குப் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவாகாது. இன்னொன்று, கப்பல் புறப்படும் தேதிகள். சென்னையிலிருந்து பிளேருக்குக் கப்பல் எப்போது என்பதைத் தெரிந்துகொள்ள நான் ராஜாஜி சாலைக்கு மூன்று முறை நடந்தேன். விமான நேரங்களுக்கு இருக்கும் மதிப்பு இந்தக் கப்பல்களுக்கு இல்லை. தங்கள் நாளிதழின் ஒரு மூலையில், மழை அளவுக்குப் பக்கத்தில், அந்தத் தேதியையும் போட்டால், என்னைப்போல் மூட்டையோடு போகும் மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் உதவியாக இருக்கும்.

வளைகாப்பில் கேட்கப்பட்ட அந்த இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விசேஷம் உண்டா இல்லையா என்பது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள சங்கதி. ஆண்டில் எத்தனை இரவு அவர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள் என்பதும், முன்பே சொன்னதுபோல, நான் எழுதக்கூடாத கணக்கு.

இந்தக் கடிதத்தோடு அந்தப் படத்தையும் அனுப்பலாமா என்று மருமகளைக் கேட்டேன். அவள் மற்ற மூவரையும் கேட்டாள். இருவர் சரி என்றார்கள். ஹரியானாப் பெண், தான் அன்று வெளியே போனதே தன் மாமியார் வீட்டில் தெரியாது, வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். ஆகவே இணைக்கவில்லை. என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ராயபுரம், சென்னை.